சியான் நகரின் கல்வனத்திலே

தமிழிற் 'பனி' என்னும் சொல் ஒன்றே. வைகறையிற் புல்லின் நுனியில் நிற்பதும் பனி. மார்கழித் திங்களில் திருவெம்பாவைக்குக் கோயில் செல்வோரின் தலையை நனைப்பதும் பனி. குளிர் நாடுகளிலே வீடும் வீதியும் மறையும்படி கொட்டுவதும் பனியே. நுவரெலியாவிற் சில தை மாதக் காலைகளிலே புற்றரையை வெளுக்கச் செய்யும் உறைபனியைக் கண்ட எம்மவர் சிலர் உளர். ஆயினும், வானத்திலிருந்து ஓசையின்றி இறங்கும் வெண்பனியை வெறுங் கையில் ஏந்திப் பார்க்கும் பேறு எமக்கு நாற்பது வயதைக் கடந்த பின்னரே வாய்த்தது. அதுவும் சீன தேசத்துச் சியான் நகரிலே வாய்த்தது.

மார்கழி விடுமுறையொன்றில் அந்நகரில் நாம் நான்கு நாள் தங்கியிருந்தோம். எம்முடன் வந்தவர் எமது நண்பராகிய கணித ஆசிரியர். எதைக் கண்டாலும் எண்ணிப் பார்ப்பது அவருடைய வழக்கம். எமக்கு வழிகாட்டியாக அமைந்தவள் அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றிற் பயிலும் மாணவி. நாம் இருவரும் ஆசிரியர் என்பதை அறிந்த கணமே 'லாவ்ஷி' என எம்மை விளிக்கத் தொடங்கினாள். ஆசிரியரை மரியாதையோடு அழைக்கும் சீனச் சொல் அது.

முதல் நாட் காலை சாளரத்தைத் திறந்தபோது நகரம் முழுவதும் வெள்ளை வேட்டி உடுத்தது போற் காட்சியளித்தது. கம்பளிச் சட்டை இரண்டுக்கு மேல் மூன்றாவதையும் அணிந்துகொண்டு நாம் நடுங்கியவாறு வெளியே வந்தோம். அம்மாணவியோ மகிழ்ச்சியோடு நின்றாள்.

"லாவ்ஷி, நீங்கள் நல்ல நாளில் வந்திருக்கிறீர்கள். பனி பெய்தால் சியான் மீண்டும் சாங்கான் ஆகிவிடும் என்று எங்கள் ஊரிலே சொல்வார்கள்" என்றாள்.

அதன் பொருள் நகர மதிலின் மேல் ஏறியபோது எமக்கு விளங்கிற்று. சாங்கான் என்பது இந்நகரின் பழம்பெயர். ஹான், சூய், தாங் முதலிய வமிசத்துச் சக்கரவர்த்திகளுக்கு இது தலைநகராய் விளங்கிற்று. தாங் வமிசம் ஆண்ட 618 முதல் 907 வரையான காலத்திலே உலகின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றாகவும் இருந்தது. இன்று நாம் காணும் மதில் 14 ஆம் நூற்றாண்டில் மிங் வமிசத்தார் கட்டியது. ஏறத்தாழ 12 மீற்றர் உயரமும், 13.7 கிலோமீற்றர் சுற்றளவும் உடையது. அதன்மேல் நின்று நோக்கினால், புதிய மாடிக் கட்டடங்களின் நிறமும் விளம்பரங்களின் பகட்டும் பனித்திரையில் மங்கி, பழைய கூரைகளின் வளைந்த விளிம்புகள் மட்டுமே தெளிவாகத் தெரிகின்றன. பனி புதியதை மறைத்துப் பழையதைக் காட்டுகிறது.

சியான் என்றதும் வாசகர் பலர்க்கும் நினைவுக்கு வருவன 1974 ஆம் ஆண்டிற் கிணறு தோண்டிய உழவர் கண்ட மண் வீரர்களின் உருவங்களே. அவற்றையும் நாம் கண்டோம். ஆயினும் அவற்றைப் பற்றி எழுதினோர் பலர். நகருக்குள்ளே இருக்கும் கோயில்களையும் நூதனசாலைகளையும் பற்றியே இன்று எழுத விரும்புகின்றோம். இவை எம் தீவோடு தொடர்புடையவை. சாங்கான் நகரத்துத் துறவிகள் மூவரின் உள்ளம் இலங்கையை நாடிற்று. ஒருவர் வந்தார், ஒருவர் வர எண்ணி நடுவழியில் திரும்பினார், ஒருவர் வந்து ஏடுகளோடு மீண்டார். மூவரும் தேடியது பொன்னையன்று, நூலையே தேடினர்.

வந்தவர் பாஹியான். 399 ஆம் ஆண்டில், அறுபது வயதளவில், இந்நகரிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார். துறவிகளுக்குரிய ஒழுக்க நூல்கள் சீனத்தில் முழுமையாக இல்லை என்பதே அவருடைய கவலை. பாலைவனத்தையும் மலைகளையும் கடந்து இந்தியா சேர்ந்து, பின்னர் கப்பலேறி இலங்கைக்கு வந்து, இரண்டு ஆண்டுகள் தங்கினார். அநுராதபுரத்து அபயகிரி விகாரையில் ஒரு நாள், பச்சை மணிக் கல்லாலான புத்தர் சிலையின் அருகே வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறியைக் கண்டார். அது சீன தேசத்து விசிறி. ஊரைப் பிரிந்து பல்லாண்டாகியிருந்த அம்முதியவரின் கண்கள் தம்மை அறியாமலே நீர் சொரிந்தன என அவருடைய யாத்திரை நூல் கூறுகிறது.

இலங்கையிலே தாம் தேடிய ஒழுக்க நூலொன்றையும் வேறு சில நூல்களையும் பெற்றுக்கொண்டு அவர் கப்பலேறினார். கடலிற் புயல் எழுந்து கப்பலில் நீர் புகுந்தபோது, வணிகர் தம் பண்டங்களைக் கடலில் எறியத் தொடங்கினர். பாஹியானும் தம் நீர்க்குடத்தையும் கைகழுவும் பாத்திரத்தையும் எறிந்துவிட்டார். 'என் நூல்களையும் எறிந்துவிடுவார்களோ' என்பதே அவருடைய அச்சம். நூல்கள் தப்பின; அவரும் தப்பினார். சீனக் கரையை அடைந்தபின், சாங்கானுக்கு மீள விரும்பியும், மொழிபெயர்ப்பு வேலையின் பொருட்டுத் தென்னாட்டுத் தலைநகருக்கே சென்றார். புறப்பட்ட நகருக்கு அவர் திரும்பவேயில்லை.

இரண்டாம் நாள் பெரிய வாத்துக் கோபுரம் என வழங்கும் செங்கற் கோபுரத்தைக் காணச் சென்றோம். அது சியென் கோயிலின் வளவில் நிற்கிறது. பனியால் வெளுத்த தோளோடு யுவான் சுவாங்கின் சிலை கோயிலின் முன்னே நின்றது. வர எண்ணித் திரும்பியவர் இவரே. அரசனின் அனுமதியின்றி இரகசியமாகப் புறப்பட்டு, இந்தியா முழுவதும் சுற்றி, காஞ்சிபுரம் வரை வந்தார். அங்கிருந்து இலங்கைக்குச் செல்ல ஆயத்தமாய் இருந்தபோது, தீவிலிருந்து வந்த பிக்குகளைச் சந்தித்தார். 'அரசன் இறந்துவிட்டான், நாட்டிற் பஞ்சம், அதனாலேயே நாங்கள் இங்கு வந்தோம்' என அவர்கள் கூறினர். அவர் தம் எண்ணத்தைக் கைவிட்டார்.

திரும்பும் வழியிலே சிந்து நதியைக் கடக்கையில் ஓடம் தத்தளித்து ஐம்பது ஏடுகள் ஆற்றோடு போயின. ஆயினும் 645 ஆம் ஆண்டில் அவர் சாங்கானை அடைந்தபோது 657 நூல்கள் அவரோடு வந்தன. எஞ்சிய பத்தொன்பது ஆண்டும் மொழிபெயர்ப்பிலேயே கழிந்தன. 75 நூல்களை 1,335 சுருள்களாக அவர் சீனமாக்கினார். அவர் கொண்டுவந்தவற்றைக் காக்கவே 652 ஆம் ஆண்டில் இக்கோபுரம் எழுந்தது. முதற் கட்டடம் சிதைந்தமையால், 704 ஆம் ஆண்டளவில் வூ அரசியின் ஆட்சியில் மீண்டும் கட்டப்பட்டது. இன்று ஏழு நிலைகளோடு, ஏறத்தாழ 64 மீற்றர் உயரத்தில், சற்றே சாய்ந்து நிற்கிறது. எம் நண்பர் படிகளை எண்ணிக்கொண்டு ஏறினார். நான்காம் நிலையில் மூச்சு வாங்கியதில் எண்ணிக்கை தவறிவிட்டது!

மாணவர்க்கு ஒரு செய்தி. தாங் வமிசக் காலத்திலே அரசாங்கப் பெரும் பரீட்சையிற் சித்தியெய்தியோர் இக்கோபுரத்துக்கு வந்து தம் பெயரைப் பொறித்துச் செல்வது வழக்கம். கவிஞர் பாய் சூயி அங்ஙனம் பெயர் பொறித்தோருள் ஒருவர். நூல்களைக் காக்கும் கோபுரத்திலே கற்றோர் தம் பெயரை எழுதியது பொருத்தமே.

கோயில் முற்றத்திலே இலையற்ற கிளைகளில் மெழுகாற் செய்தன போன்ற மஞ்சட் பூக்கள் மலர்ந்திருந்தன. பனியின் நடுவிலே அவற்றின் மணம் முற்றமெங்கும் பரவிற்று. பக்தர்கள் ஊதுவத்திகளை நெற்றிக்கு நேரே உயர்த்தி, நாற்றிசையும் நோக்கி வணங்கினர். அந்தப் புகையும், பனியும், எங்கோ ஒலித்த மணியும் சேர்ந்தபோது, எம்மூர்க் கோயிலின் விடியற் பூசை கண்முன் தோன்றிற்று. வணங்கும் கைகளுக்கு மொழி வேறுபாடு இல்லை போலும்.

அன்று பிற்பகல் தாசிங்சான் கோயிலுக்குப் போனோம். நகரின் தென் பகுதியில், கடைகளுக்கும் வீடுகளுக்கும் இடையே அமைந்த அமைதியான இடம். இளந்துறவி ஒருவர் துடைப்பத்தாற் பனியைக் கூட்டி வழி செய்துகொண்டிருந்தார். கட்டடங்கள் பிற்காலத்தவை, ஆயினும் இடத்தின் பெருமை பழையது. தென்னிந்தியராகிய வச்சிரபோதி என்னும் துறவி 8 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சீனத்துக்கு வந்தார். அவருடைய மாணாக்கர் அமோகவச்சிரர். ஆசான் 741 ஆம் ஆண்டில் மறைந்தபின், மாணாக்கர் நூல் தேடி இலங்கைக்குக் கப்பலேறினார். 746 ஆம் ஆண்டில் ஏடுகள் பலவற்றோடு சாங்கானுக்கு மீண்டு, பிற்காலத்தில் இக்கோயிலில் இருந்து அவற்றை மொழிபெயர்த்தார். வந்து ஏடுகளோடு மீண்ட மூன்றாமவர் இவரே. ஆகவே நாம் நின்ற அந்த முற்றத்திலே, எம் தீவின் ஓலைகள் ஒரு காலத்திற் படிக்கப்பட்டன!

மூன்றாம் நாள் சான்சி வரலாற்று நூதனசாலை. 1991 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட பெருங் கட்டடம் இது. அங்குள்ளவற்றுள் எம் உள்ளத்தை நிறுத்தியது ஹெசியா என்னும் இடத்திற் கிடைத்த புதையல். 1970 ஆம் ஆண்டில், கட்டட வேலைக்காக மண்ணை வெட்டியபோது, இரண்டு மட்குடங்களும் ஒரு வெள்ளிக் குடமும் அகப்பட்டன. அவற்றினுள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தன. பொற்கிண்ணங்களும், வெள்ளிப் பாத்திரங்களும், மாட்டுத் தலை போன்ற முகமும் பொன் மூக்கும் உடைய மணிக்கற் கிண்ணமும் அவற்றுட் சில. உரோம சாம்ராச்சியத்தின் கிழக்குப் பகுதியில் அடித்த பொற்காசும், பாரசீக வெள்ளிக்காசும், யப்பானியக் காசுகளும் அவற்றோடு இருந்தன. உலகமே இந்நகரின் சந்தைக்கு வந்ததற்குச் சாட்சி இவை.

ஆயினும் யாரோ ஒருவர் ஆபத்து வேளையில் இவற்றைக் குடத்திலிட்டுப் புதைத்தார், எடுக்க மீளவில்லை. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளாக அப்பொன் யார்க்கும் பயன்படவில்லை. பொன்னை ஒளித்துக் காப்பது இயல்பு. நூலை எப்படிக் காப்பது? அதற்கு விடை மறுநாள் கிடைத்தது.

நான்காம் நாள் மதிலின் தென்வாயிலுக்கு அண்மையிலுள்ள பெய்லின் நூதனசாலைக்குச் சென்றோம். பெய்லின் என்பதற்குக் 'கல்வெட்டு வனம்' என்பது பொருள். பழைய கொன்பூசியஸ் கோயிலின் வளவில், 1087 ஆம் ஆண்டு முதலாக இங்கே கல்வெட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கின்றனர். வனம் என்ற பெயர் மிகையன்று. ஆளுயரக் கற்கள் மரங்கள் போல் வரிசை வரிசையாக நிற்கின்றன.

முதற் கூடத்திலே காய்செங் கல்நூல்கள் இருக்கின்றன. 837 ஆம் ஆண்டிலே முற்றுப்பெற்றவை. சீனரின் பழம்பெரும் நூல்கள் பன்னிரண்டு, 114 கற்களின் இருபுறமும் வெட்டப்பட்டுள்ளன. எழுத்துகளின் தொகை ஏறத்தாழ 6,50,000. கையாற் படி எடுக்கும்போது பிழைகள் பெருகின. மாணவர் பிழையான பாடத்தைப் படித்தனர். ஆகவே திருத்தமான பாடத்தைக் கல்லில் வெட்டி அரசாங்கக் கல்விச்சாலையில் நிறுத்தினர். யாரும் வந்து ஒப்புநோக்கலாம். படி எடுத்துச் செல்லலாம். எம் நண்பர் உடனே கணக்கிட்டார்: "ஒருவன் நாளொன்றுக்கு நூறு எழுத்து வெட்டினால் 6,500 நாள். ஏறக்குறையப் பதினெட்டு ஆண்டு. ஓர் ஓய்வு நாளும் இல்லாமல்!" என்றார்.

கற்களுட் பல மையேறிக் கருத்திருந்தன. ஈரத் தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் மெல்லத் தட்டி, மை தோய்ந்த துணிப் பொதியால் ஒற்றி மைப்படி எடுக்கும் கலை சீனரிடையே நெடுங்காலமாக உண்டு. எழுத்து வெள்ளையாகவும் சுற்றிடம் கறுப்பாகவும் தாளிற் பதியும். ஆயிரம் ஆண்டுகளாக எடுத்த மைப்படிகளே அக்கற்களின் கருமைக்குக் காரணம். எத்தனை மாணவர் கையில் இவை பாடமாகியிருக்கும்!

ஆயினும் கல்லும் அழியாதது அன்று. 1556 ஆம் ஆண்டு தை மாதத்திலே இப்பகுதியை ஒரு நிலநடுக்கம் தாக்கிற்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் எனச் சீன வரலாறு குறிக்கிறது. அந்த அதிர்ச்சியிற் கல்நூல்களில் 40 கற்கள் வீழ்ந்து உடைந்தன. எழுத்துகள் பல தெறித்துப் போயின. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவை அப்படியே கிடந்தன.

பின்னர் நிகழ்ந்ததை எம் வழிகாட்டி மெல்லிய குரலிற் கூறினாள். "லாவ்ஷி, 1588 ஆம் ஆண்டிலே இந்நகரத்து அரசாங்கக் கல்விச்சாலையின் மாணவர் சிலர் முன்வந்தார்கள். உடைந்த இடங்களில் எந்த எந்த எழுத்து இல்லை என்று தேடிச் சேர்த்தார்கள். அவற்றைச் சிறு கற்களில் வெட்டி, பெரிய கற்களின் பக்கத்திலே நிறுத்தினார்கள்."

நாம் சிறிது நேரம் பேசவில்லை. வேலையை மேற்கொண்டோர் மாணவர்! புதிய பெருங்கற்களுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. விடுபட்ட எழுத்தை மட்டும் சிறு கல்லில் வெட்டி அருகே வைத்தார்கள்.

அடுத்த கூடங்களிலே, கிறித்தவ மதம் சீனத்துக்கு வந்த வரலாற்றைக் கூறும் 781 ஆம் ஆண்டுக் கல்லைக் கண்டோம். அமோகவச்சிரரின் நினைவாக அதே 781 ஆம் ஆண்டில் எழுந்த கல்லும் அந்த வனத்திலே நிற்கிறது. கிறித்தவர் கல்லும் பௌத்தர் கல்லும் கொன்பூசியஸ் கோயிலிலே ஒருங்கு நிற்கும் காட்சி எமக்கு இனிதாயிருந்தது.

மீண்டும் முதற் கூடத்தின் வழியே வந்தபோது, ஒரு முதியவர் தம் பேரனோடு கல்லொன்றின் முன் நிற்கக் கண்டோம். பையனுக்குப் பத்து வயது இருக்கலாம். பாட்டனார் விரலாற் காட்டக் காட்ட, அவன் எழுத்து எழுத்தாகப் படித்தான். திடீரென்று துள்ளிக் குதித்து ஏதோ கூறினான். அவன் கூறியதை வழிகாட்டி எமக்குச் சொன்னாள்: "தாத்தா, இது எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது!" அவர்கள் முன் நின்றது கொன்பூசியஸின் உரைகள் வெட்டப்பட்ட கல். 837 ஆம் ஆண்டின் எழுத்தை இன்றைய சிறுவன் படித்துவிட்டான். அந்தக் கல்லுக்கு இதைவிடக் காவல் வேறென்ன வேண்டும்?

வெளியே பனி மீண்டும் பெய்யத் தொடங்கியிருந்தது. எம் நண்பர் எண்ணுவதை நிறுத்திவிட்டு, "97,000" என்று மட்டும் சொன்னார். நாம் விளக்கம் கேட்கவில்லை. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது எரிந்த நூல்களும் ஏடுகளும் ஏறக்குறைய அத்தனை என்பதை எம்மூரிற் கல்வி கற்றோர் யாரும் மறந்திலர். கட்டடம் மீண்டும் எழுந்து, பின்னர் திறக்கப்பட்டது. எரிந்த ஓலைச்சுவடிகளோ மீளவில்லை. தொட்டால் ஒடியும் பழைய ஓலைகளைத் தேடித் தேடி அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த மண்ணிலேயே இது நிகழ்ந்தது என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு வேகும்.

ஆயினும் அன்று நாம் வருந்தி மட்டும் திரும்பவில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியிலே பாட்டனாரின் கையெழுத்துப் பிரதி ஒன்று கிடக்கலாம். பழைய சஞ்சிகை, கோயில் மலர், பாட்டியின் தாலாட்டு எழுதிய கொப்பி கிடக்கலாம். அதைப் படி எடுத்து நூலகம் ஒன்றிற் கொடுப்பவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு கல்லை நாட்டுகிறார். சியான் மாணவர் செய்ததும் அவ்வளவே.

சியானுக்குச் செல்ல எல்லார்க்கும் இயலாது. கவலை வேண்டாம். சீனத்திலிருந்து வந்த கல் ஒன்று கொழும்பிலேயே இருக்கிறது. சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து காலியில் நிறுவிய அக்கல்லில் 1409 ஆம் ஆண்டின் தேதியோடு சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியிலும் சாசனம் உண்டு. புத்தர் கோயிலுக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சீனப் பகுதி கூறுகிறது. தெனவரை நாயனாருக்குக் கொடுத்தவற்றைத் தமிழ்ப் பகுதி கூறுகிறது. பிற்காலத்தில் அதன் பொருளை அறிந்தவர் இல்லாது போயினர். 1911 ஆம் ஆண்டிலே காலி நகரிற் கண்டெடுத்தபோது, அது வாய்க்கால் ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்தது! படிப்பவர் இல்லாவிடிற் சாசனமும் மூடுகல்லே.

இன்று அக்கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அடுத்த விடுமுறையிற் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். கல்லின் முன் நிறுத்தி, தேய்ந்த தமிழ் எழுத்துகளில் ஒன்றையேனும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். "இது எனக்குத் தெரிந்த எழுத்து!" என்று ஒரு பிள்ளை துள்ளினாற் போதும்.